குற்றவாளியா, முதற் சாட்சியா? குறைமாதப் பிள்ளையின் வரலாற்றில் தாயின் இடம்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலான கரையோர ஊர்களிலே பிள்ளை பிறந்த வீட்டுக்குச் செல்வோர், ஆணா பெண்ணா என்று கேட்டறிந்த பின்னர் வினவும் அடுத்த வினா, மாதம் நிறைந்து பிறந்ததா என்பதாகும். நிறையவில்லை என்ற விடை கிடைத்ததும் பேச்சுப் பிள்ளையை விட்டுத் தாயின்மேற் செல்லும். கிரகணத்தின்போது வெளியே நின்றாளா, பாரம் தூக்கினாளா, மூத்தோர் சொல்லை மீறினாளா என்று விசாரணை தொடரும். அப்பிள்ளை மூன்று வயதாகியும் பேசாதிருப்பின், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராதிருப்பின், அதே விசாரணை மீண்டும் தொடங்கும். இரு விசாரணைகளிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் ஒருத்தியே.

இவ்விசாரணை எங்கள் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பெரும் மருத்துவ மேதைகளும் அதிற் பங்குகொண்டுள்ளனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதும், தாய் எவ்வாறு குற்றவாளி என்ற நிலையினின்று நீங்கி முதற் சாட்சி என்ற நிலையை அடைந்தாள் என்பதை எடுத்துக்காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவன் ஒருவன் மருத்துவம் பேசுவது மிகையெனத் தோன்றலாம். சிகிச்சை கூறுவது மருத்துவரின் பணியே. ஆயின் ஒரு பிள்ளையின் நிலைக்கு யார் பொறுப்பு என்று சமூகங்கள் காலந்தோறும் கூறிவந்த விடைகளை ஆராய்வது வரலாற்று மாணவனின் பணியாகும்.

முதலில் இரு சொற்களை விளக்குதல் வேண்டும். கருவுற்று 37 வாரங்கள் நிறைவுறுமுன் பிறக்கும் பிள்ளையே குறைமாதப் பிள்ளை எனப்படுகின்றது. உலகிற் பிறக்கும் பிள்ளைகளுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்று இவ்வாறு பிறப்பதே. ஓட்டிசம் என்பது பிறரோடு உறவாடுவதிலும் மொழியாலும் சைகையாலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடுடைய ஒரு வளர்ச்சி நிலை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தலும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றால் மிகையாகத் தாக்குறுதலும் அதனோடு சேர்ந்து காணப்படலாம். இவ்விரண்டும் ஒன்றல்ல. எனினும் இரண்டிற்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு என்பதை அண்மைக்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. அத்தொடர்பின் இயல்பைப் பின்னர்க் காண்போம்.

ஏழாம் மாதத்திற் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்திற் பிறந்த பிள்ளை பிழையாது என்று எங்கள் முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். இந்நம்பிக்கை மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் எட்டு மாதப் பிள்ளையைப் பற்றித் தனியொரு நூலே உண்டு. எட்டாம் மாதத்தில் ஓசசு என்னும் உயிராற்றல் தாயிடமும் கருவிடமும் மாறி மாறிச் செல்லும் என்றும், ஆதலால் அம்மாதத்துப் பிறப்பு ஆபத்தானது என்றும் ஆயுள்வேத நூல்கள் கூறின. அரபு மருத்துவமும் இவ்வாராய்ச்சியிற் பின்தங்கவில்லை. 10ஆம் நூற்றாண்டிற் குர்துபா நகரில் வாழ்ந்த அரீப் இப்னு ஸஃத், கருவின் உருவாக்கத்தையும் கருவுற்ற பெண்ணினதும் பிறந்த சிசுவினதும் பராமரிப்பையும் பற்றித் தனிநூல் இயற்றினார். உண்மையில் எட்டு மாதப் பிள்ளை ஏழு மாதப் பிள்ளையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு மிகுந்தது. கருவில் தங்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலையும் மூளையையும் முதிர்விக்கின்றது. ஆயினும் ஒரு தவறான கணக்கு மூன்று பெரும் மருத்துவ மரபுகளின் நிழலிற் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது.

மருத்துவ நூல்கள் இவ்வாறிருக்க, குறைமாதப் பிறப்பு நீதிமன்றத்திலும் ஒரு வினாவாயிற்று. திருமணமாகி ஆறு மாதத்திற் பிள்ளை பெற்ற பெண்ணொருத்தி கலீபாவின் முன் கொண்டுவரப்பட்ட செய்தியை இமாம் மாலிக்கின் முவத்தா பதிவு செய்துள்ளது. கருச்சுமத்தலும் பால்மறத்தலும் சேர்ந்து முப்பது மாதம் எனத் திருக்குர்ஆன் ஓரிடத்திற் கூறுகின்றது. பால்மறத்தலுக்கு இரண்டு ஆண்டு என மற்றோரிடத்திற் கூறுகின்றது. முப்பதிலிருந்து இருபத்து நான்கைக் கழித்தால் எஞ்சுவது ஆறு. ஆகவே ஆறு மாதத்திலும் உயிருள்ள பிள்ளை பிறத்தல் கூடும், இப்பெண் குற்றமற்றவள் என அலீ (ரழி) அவர்கள் வாதிட்டார்கள். கலீபா உடனே ஆளனுப்பினார். ஆனால் ஆள் சென்று சேர்வதற்குள் தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது என்கின்றது முவத்தா. அவள் விடுவிக்கப்பட்டாள் எனக் கூறும் வேறு அறிவிப்புகளும் உண்டு. எவ்வாறாயினும், கருக்காலத்தின் குறைந்த எல்லை ஆறு மாதம் என்ற விதி இஸ்லாமியச் சட்டத்தில் நிலைபெற்றது. சரியான அறிவு இருந்தும் அது காலந்தாழ்ந்து சென்றால் என்ன நேரும் என்பதற்கு இச்செய்தியினும் கடுமையான சான்று வேண்டியதில்லை.

குறைமாதப் பிறப்புக்கும் பிள்ளையின் பிற்கால வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராய்ந்த முன்னோடி வில்லியம் ஜோன் லிட்டில் என்னும் ஆங்கில அறுவை வைத்தியராவர். 1861ஆம் ஆண்டு இலண்டன் மகப்பேற்று மருத்துவச் சங்கத்தின் முன் அவர் ஒரு கட்டுரை படித்தார். கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல் ஆகியன பிள்ளையின் உடலையும் உள்ளத்தையும் நெடுங்காலம் பாதிக்கலாம் என்பதே அதன் சாரம். இன்று மூளைவாதம் என வழங்கும் நிலை நெடுங்காலம் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. ஆயின் 1897ஆம் ஆண்டில் மற்றொருவர் இதனைத் திருப்பிப் பார்த்தார். உளப்பகுப்பாய்வுக்குப் புகழ்பெறுமுன் நரம்பியல் வைத்தியராயிருந்த சிக்மண்ட் பிராய்டே அவர். பிரசவத்தின் கோளாறே பிள்ளையின் குறைக்குக் காரணம் என்று எப்போதும் கொள்ளலாகாது, கருவின் வளர்ச்சியில் முன்னரே நேர்ந்த ஒன்று பிரசவத்தையும் கோளாறாக்கி இருக்கலாம் என்பது அவர் கருத்து. முன்னால் நிகழ்ந்தது எதுவோ அதுவே காரணம் என்று முடிவு செய்தல் கூடாது என்னும் இப்பாடம் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது.

இதற்கிடையே குறைமாதப் பிள்ளைகளைப் பிழைக்கவைக்கும் முயற்சியும் தொடங்கியது. பாரிசு நகர மகப்பேற்று மனையிலே 1880ஆம் ஆண்டளவில் ஸ்டெபான் தார்னியே என்னும் வைத்தியர் வெப்பப் பெட்டியொன்றை அமைத்தார். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டதே அவருக்குத் தூண்டுதலாயிற்று. 2000 கிராமுக்குக் குறைந்த சிசுக்களின் இறப்பு அங்கு நூற்றுக்கு 66இலிருந்து 38ஆகக் குறைந்தது. குறைமாதச் சிசுவின் நுரையீரலிற் காற்றறைகளை விரிந்த நிலையில் வைத்திருக்கும் ஒரு பொருள் போதாமையே மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்பது 1959இல் வெளிப்பட்டது. இவ்வறிவு சிகிச்சையாக மாறுமுன், 1963இல், ஐக்கிய அமெரிக்க சனாதிபதி கென்னடியின் குறைமாத மகன் இரு நாட்கூட நிறையாது அந்நோயினாலேயே இறந்தான். நாட்டின் தலைவராலும் வாங்கமுடியாதிருந்த அவ்வுயிரைப் போன்றன இன்று சாதாரண வைத்தியசாலைகளிலும் காப்பாற்றப்படுகின்றன. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஏற்றப்படும் ஊசிமருந்து சிசுவின் நுரையீரலை முதிர்விக்கும் என்பதை 1972இல் நியூசிலாந்து ஆய்வாளர் லிகின்ஸ், ஹோவி ஆகியோர் நிறுவியமை இதற்குப் பெரிதும் உதவிற்று.

மருத்துவமும் பிழைசெய்யாமலில்லை. 1940களில் குறைமாதச் சிசுக்களுக்கு ஒட்சிசன் தாராளமாக வழங்கப்பட்டது. உயிர்காக்கும் நோக்குடன் செய்யப்பட்ட அச்செயலால் உலகில் ஏறத்தாழப் பதினாயிரம் பிள்ளைகள் பார்வை இழந்தனர். 1951இல் மெல்பேர்ணைச் சேர்ந்த கேற் காம்பெல் என்னும் பெண் வைத்தியர் ஒட்சிசனைச் சுட்டிக்காட்டினார். 1954ஆம் ஆண்டளவில் அமெரிக்க வைத்தியசாலைகள் பலவற்றின் கூட்டாய்வு அதனை உறுதிசெய்தது. நன்னோக்கோடு செய்த வைத்தியரின் பிழையை மன்னிக்கும் உலகம், பிழையே செய்யாத தாயைத் தண்டித்து வந்தது என்பதை ஒப்புநோக்குதல் தகும்.

1978ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் பொகொற்றா நகரில் இயந்திரங்கள் போதாமையால் ஒரு புதிய முறை பிறந்தது. எட்கார் ரே என்னும் வைத்தியர் சிசுவைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கச் செய்தார். கங்காரு முறை என வழங்கும் இதனைக் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. பிறந்தவுடனேயே இவ்வாறு அணைக்கப்பட்ட நிறைகுறைந்த சிசுக்களின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்ததென 2021இல் முடிவு வெளியாயிற்று. விசாரணைக் கூண்டில் நின்றவளின் மார்பே மருந்தென உலகம் ஏற்றுக்கொண்டது.

ஓட்டிசத்தின் வரலாறும் இதனையொத்த பாதையிற் சென்றது. 1943இல் ஐக்கிய அமெரிக்காவின் பல்ற்றிமோர் நகரிலிருந்து லியோ கனர் என்னும் வைத்தியர் பதினொரு பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர் அறிந்தவற்றுட் பெரும்பகுதி பெற்றோர் தந்த செய்தியே. முதற் பிள்ளையின் தந்தை எழுதிய 33 பக்கக் கடிதத்திலிருந்தே அவ்வாய்வு தொடங்கிற்று. இந்நிலை பிறவியிலேயே அமைந்தது என்று கனர் எழுதினார். ஆயின் அதே கட்டுரையில், அப்பெற்றோருட் பலர் உணர்ச்சி வெதுவெதுப்புக் குறைந்தவர் என்றும் குறிப்பிட்டார். பிந்திய குறிப்பே உலகின் காதில் விழுந்தது. 1967இல் புரூனோ பெற்றல்ஹைம் தாயின் அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணம் என்னுங் கருத்தைப் பெருநூலாக்கிப் பரப்பினார். அன்புக்காகத் தம் வாழ்வையே ஒறுத்த தாய்மார் பலர் குளிர்பெட்டித் தாய்மார் என இகழப்பட்டனர். ஓட்டிசமுள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பேர்ணாட் றிம்லண்ட் 1964இலேயே இக்கருத்தைச் சான்றுகளோடு மறுத்திருந்தார். 1969இற் பெற்றோர் சங்கத்தின் மாநாட்டிற் பேசிய கனர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்த வழக்கின் தீர்ப்பு அது.

குற்றஞ்சாட்டுவோரை விடுத்துச் சான்று தேடுவோர் வென்ற கதையும் உண்டு. 1941இற் சிட்னி நகரக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த பல சிசுக்களின் தாய்மார் கருக்காலத் தொடக்கத்தில் றுபெல்லா என்னும் ஜேர்மன் சின்னமுத்துக்கு ஆளாகியிருந்தனர் என்று கண்டார். தாய்மாரிடம் கேட்டறிந்த செய்தியே அக்கண்டுபிடிப்பின் அடிப்படை. பின்னர் 1964இல் நியூயோர்க்கிற் பரவிய அந்நோயினாற் பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 பிள்ளைகளை ஸ்ரெல்லா செஸ் ஆராய்ந்தார். 18 பேரில் ஓட்டிசமோ அதன் பகுதிக்கூறுகளோ காணப்பட்டன என 1971இல் எழுதினார். 1977இல் சூசன் போல்ஸ்ரீன், மைக்கல் றட்டர் ஆகியோர் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 சோடிகளுள் நான்கில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 சோடிகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. இதனாற் பரம்பரையின் பங்கு தெளிவாயிற்று. மேலும், இருவருள் ஒருவருக்கு மட்டும் ஓட்டிசம் இருந்த 17 சோடிகளுள் 12இல், ஓட்டிசமுடைய பிள்ளையே மூளையைத் தாக்கக்கூடிய உடலியல் இடர் ஒன்றுக்கு ஆளாகியிருந்தது. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. ஆயினும் பிள்ளைகள் இருவிதம். வளர்ப்பே காரணம் என்ற வாதம் இதன்பின் நிற்க இயலவில்லை.

இன்று அறியப்பட்டவற்றைத் தொகுத்துக் கூறின், குடும்பப் பரம்பரை, பெற்றோரின் முதிர்ந்த வயது, குறைமாதப் பிறப்பு, கருக்காலத் தொற்று, கருக்கால நீரிழிவு, வலிப்புக்கு வழங்கப்படும் வல்புரோவேற்று என்னும் மருந்து ஆகியன ஓட்டிசத்தின் இடர்க்காரணிகளுட் குறிப்பிடத்தக்கன. மிகக் குறைமாதத்திற் பிறந்தோரிடம் மூளைவாதம், பார்வை, கேள்விக் குறைபாடுகள், மொழியிலும் கவனத்திலும் கற்றலிலும் பின்னடைவு ஆகியனவும் மிகுதியாகக் காணப்படுகின்றன. குறைமாதப் பிள்ளைகள் 3366 பேரை உள்ளடக்கிய 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான கணிப்பின்படி, அவர்களுள் நூற்றுக்கு ஏழு பேரிடம் ஓட்டிசம் காணப்பட்டது. பொதுமக்களிடையே இது நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவினது. ஏழு என்பது எச்சரிக்கைக்குரிய எண். ஆயின் மீதி தொண்ணூற்று மூவரிடம் அது இல்லை என்பதையும், ஓட்டிசமுடையோரிற் பெரும்பாலோர் மாதம் நிறைந்தே பிறந்தோர் என்பதையும் மறத்தலாகாது. இடர்க்காரணி என்பது கவனிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் விரல். அதனைக் குற்றப்பத்திரமாகக் கொள்வதற்கில்லை. தடுப்பூசியே காரணம் என 1998இல் பன்னிரு பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரை பொய்யென நிறுவப்பட்டு 2010இல் அதனை வெளியிட்ட சஞ்சிகையாலேயே மீளப்பெறப்பட்டது. தடுப்பூசி ஏற்றுவித்த பெற்றோரும் சிலகாலம் வீண்பழி சுமந்தனர் என்பதற்காகவே அதனை இங்குக் குறிப்பிடுகின்றோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1848இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய சாமுவேல் கிறீன், மோன்செல் என்பாரின் மகப்பேற்று மருத்துவ நூலை 1857இலேயே தமிழில் வெளியிட்டார். கொழும்பில் த சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879இல் நிறுவப்பட்டது. 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, மருத்துவமாதை வைத்தியசாலை வாயிலுக்கு வெளியே வீடுகளுக்கு அனுப்பும் முறைக்கு வழிகோலிற்று. மலேரியா கொள்ளைநோயாகப் பரவிய 1935இல், உயிருடன் பிறந்த 1000 சிசுக்களுள் 263 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1946இல் இது 141ஆகவும் 1947இல் 101ஆகவும் குறைந்தது. இன்று பத்தை அண்டி நிற்கின்றது. 1996இற் றுபெல்லாத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2020இல் அந்நோய் இலங்கையினின்று ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஸ்ரெல்லா செஸ் எழுதிய வகையான பிள்ளைத் துயரொன்று இவ்வாறு நம் மண்ணிற் பிறவாது தடுக்கப்பட்டது. வறிய நாடொன்று எய்திய இப்பெருமையை எவரும் மறுக்கார்.

ஆயின் இவ்வெண்கள் யாவும் பிழைத்தோரையும் இறந்தோரையும் எண்ணியவை. பிழைத்த பிள்ளை எவ்வாறு வளர்ந்தது என்ற வினா பிற்பட்டே எழுந்தது. 1935இற் குறைமாதப் பிள்ளை பிழைப்பதே அரிதாகையால் அவ்வினாவுக்கு இடமிருக்கவில்லை. இன்று இடமுண்டு.

கல்முனைக் கரையோரம் இவ்வினாவுக்கு விடைகாணத் தக்க இரு வாய்ப்புகளை உடையது. முதலாவது நிருவாகம் சார்ந்தது. நிருவாக மாவட்டங்கள் 25ஆக இருப்பினும், அம்பாறை மாவட்டத்துக் கரையோரம் கல்முனைப் பிராந்தியம் எனத் தனிச் சுகாதாரப் பணிமனையைக் கொண்டுள்ளது. மருத்துவமாது வீடுதேடி வருகின்றாள். பிள்ளையின் நிறையும் வளர்ச்சியும் பதியப்படும் ஏடு தாயின் கையிலேயே இருக்கின்றது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கடலோரத்து வீடுகளை அள்ளிச் சென்றபோது இத்தகைய ஏடுகளும் உடன்சென்றன. எஞ்சியது தாயின் நினைவே. பதிவேடு அழியினும் அழியாத பதிவு அது.

இரண்டாவது வாய்ப்புக் குடும்ப அமைப்பைச் சார்ந்தது. 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றிற் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர், இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணுவதையும், மணமான பெண் பெற்றோர் சீதனமாக அளித்த வீட்டிலேயே கணவனோடு வாழ்வதையும் விரிவாக எழுதியுள்ளார். இதன் பயனாக எங்கள் ஊர்ப் பிள்ளை தன் உம்மாவின் கண்முன் மட்டுமல்லாமல், உம்மாவைப் பெற்ற மூத்தம்மாவினதும் சாச்சிமாரினதும் கண்முன்னும் வளர்கின்றது. பல பிள்ளைகளைக் கண்ட கண்கள் அவை. இப்பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் இல்லை என்பதை முதலில் அறிவது அம்முற்றமே. ஆனால் பழிக்கு அஞ்சி, அறிந்ததைச் சொல்லாது மறைப்பதும் அம்முற்றமே. தகப்பனும் பிந்தித்தான் பேசினான் என்ற ஆறுதலில் ஆண்டுகள் கழிகின்றன.

சாட்சியைக் கேட்கும் முறையும் முக்கியமானது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 24 மாத வயதுடைய 374 பிள்ளைகளுள் 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் ஓட்டிசம் காணப்பட்டது. ஆயின் வெளிநாட்டில் ஆக்கப்பட்டு மொழிபெயர்க்கப்பட்ட வினாக்கொத்துக்குத் தாய்மார் அளித்த விடைகள் அப்பிள்ளைகளுள் நான்கில் ஒரு பங்கினரையே இனங்காட்டின. பின்னர் அவர்கள் படங்களைக் கொண்ட வினாக்கொத்தொன்றை ஆக்கினர். பத்தில் எட்டுக்கு மேற்பட்டோரை அது இனங்காட்டியதென 2017இல் எழுதினர். இரு ஆய்வுகளிலும் விடையளித்தோர் இலங்கைத் தாய்மாரே. கேட்கப்பட்ட விதம் மாறியபோது சாட்சியின் பெறுமதியும் மாறிற்று. எங்கள் கரையோரத்துத் தாய்மாரிடமும் அவர்களுடைய பேச்சுத்தமிழில், அவர்கள் அறிந்த விளையாட்டையும் சைகையையும் கொண்டு இவ்வினாக்கள் கேட்கப்படல் வேண்டும். மொழி பயிலும் கலைப்பீட மாணவர்க்கு இதில் ஒரு பணி காத்திருக்கின்றது.

அத்தாய்க்கு நாம் சொல்லத்தக்கவை சிலவே. பன்னிரண்டு மாதமாகியும் பெயருக்குத் திரும்பாமை, பதினெட்டு மாதமாகியும் விரல்நீட்டிக் காட்டாமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களை இணைத்துப் பேசாமை, எந்த வயதிலேனும் கற்ற சொல்லை இழத்தல் ஆகியன கண்டவிடத்துக் காத்திராது மருத்துவமாதிடமோ வைத்தியரிடமோ கூறவேண்டும். குறைமாதப் பிள்ளையாயின் இரண்டு வயது வரை, பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். இவை அச்சமூட்டும் அடையாளங்கள் அல்ல. பிள்ளையின் மூளை விரைந்து வளரும் ஆண்டுகளிலேயே பேச்சுப்பயிற்சியும் விளையாட்டுவழிப் பயிற்சியும் கிடைக்கச் செய்வதற்கான அறிகுறிகள்.

கலீபா அனுப்பிய ஆள் அன்று காலந்தாழ்ந்து சென்றதை முவத்தா மறைக்காமல் எழுதிவைத்தது. இன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. மருத்துவமாது வருகின்றாள், ஏடு கையில் இருக்கின்றது, ஆய்வும் நடந்துள்ளது. எனவே பிள்ளை பிறந்த வீட்டுக்கு அடுத்தமுறை செல்லும்போது, மாதம் நிறையவில்லை என்ற விடை கேட்டபின் நாம் வினவவேண்டியது, நீ என்ன செய்தாய் என்பதன்று. நீ என்ன கண்டாய் என்பதே. அவ்வினாவுக்கு அஞ்சாது விடைகூறக்கூடிய சூழலை எங்கள் ஊர்களில் உருவாக்குதல் கற்றோர் அனைவரதும் கடமையாகும்.